வாயால் கூப்பிடாத பெயர்

என் மகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆடி மூன்றாம் வெள்ளி வரை அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆகையால் இங்கேயும் நான் அதை எழுதவில்லை. அவளுக்கு நான்கு மாதம் நெருங்குகிறது. "பாப்பா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அதுதான் பெயர் என்பதால், பேருந்தில் யார் யாரையோ கூப்பிட்டாலும் திரும்புகிறாள்.

நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், ஷூ செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். தோலைச் சோதிக்கும் பிரிவு. ஒரு தோல் எத்தனை முறை மடிந்தால் விரிசல் விடும், நனைந்தால் சாயம் காலுறையில் ஒட்டுமா, இதையெல்லாம் பார்த்துச் சொல்வது என் வேலை. என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடும் பீப்பாய் சுற்றும் இடத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தவர். அவர்கள் வேலை செய்ததும் தோலில்தான், நான் செய்வதும் தோலில்தான். ஆனால் நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்கிறேன். அந்த ஒரு வித்தியாசத்துக்காக அவர்கள் இருவரும் இருபது வருடம் உழைத்தார்கள்.

என் கணவர் குடியாத்தத்துக்காரர். வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. அவர் மட்டும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். நான் படித்து முடித்ததும் ஒரு வருடம் அதே கம்பெனியில் இருந்தேன். அங்கேதான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு முறை என்னோடு ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம் இருந்தார். ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலைதான் கிடைத்தது. நாற்பது பேரை மேய்த்தவர், யாரிடமும் பேச மொழியில்லாமல் டேப் ஒட்டினார். வீட்டு வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், டாக்டர் என்று அவருக்கான எல்லாக் காகிதங்களையும் நானே நிரப்பினேன். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். எட்டாவது மாதம், "எனக்கு இங்க ஒத்து வர்ல, நான் போறேன். நீ இரு. உன் வேல நல்ல வேல," என்றார். சண்டையில்லாமல் போனார். அவர் போன பிறகுதான் நான் மூன்று மாத கர்ப்பம் என்று தெரிந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டாவது பேச்சே கிடையாது. எனக்கும் தோன்றவில்லை. உடன் வேலை செய்யும் ஒரு பெண், "இங்கேயே பெற்றுக்கொள், குழந்தை இங்கே தங்க இருப்பு அட்டை வாங்குவது சுலபம்," என்று சொன்னாள். நான் சிரித்து வைத்தேன். அம்மா கை இல்லாமல் எப்படிப் பெற்றுக்கொள்வது என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

நான் ஒழுங்காகக் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். என் இருப்பு அட்டைக்கு ஒரு விதி உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அட்டை செத்துவிடும். பொங்கல் முடிந்து வந்தேன், ஆனி கடைசிக்குள் திரும்ப வேண்டும். குழந்தை பிறப்பது பங்குனியில். திரும்பும்போது அதற்கு மூன்றரை மாதம் இருக்கும், தூக்கிக்கொண்டு போய்விடலாம். இப்படி என் நாட்களை எண்ணினேன். குழந்தையின் காகிதங்களை எண்ணவில்லை. இங்கே பிறந்தால் அவள் அந்த நாட்டுக்குப் புது ஆள். அவளுக்குத் தனியாக விசா வேண்டும். விசாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் வேண்டும்.

பெயர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பதிவான சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இது இங்கே அதிசயமில்லை. எங்கள் தெருவில் பலரும் பள்ளியில் சேர்க்கும் வருடம்தான் அந்தக் கட்டத்தை நிரப்பப் போவார்கள். எங்கள் விஷயத்தில் காரணம் வேறு. என் மாமியாரின் முதல் குழந்தை ஒரு பெண். பதினோராம் நாள் பெயர் வைத்து, வீடே அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சியிருக்கிறது. ஒரு மாதம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது. குலதெய்வத்தின் முன்னால் சொல்லாமல் பெயர் வைத்ததுதான் குற்றம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அதற்கு அப்புறம் பிறந்த என் கணவருக்கும் நாத்தனாருக்கும், ஆலங்காயம் பக்கம் மலையடியில் இருக்கிற கோயிலில் மொட்டை போட்டு, அம்மன் சன்னிதியில்தான் முதல் முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கோயிலில் பொங்கல் வைப்பது வருடத்தில் ஒரு நாள், ஆடி மூன்றாம் வெள்ளி.

என் அட்டை சாகும் நாள் ஆனி கடைசி. அவளுக்குப் பெயர் வரும் நாள் ஆடி மூன்றாம் வெள்ளி.

தேதி கிழிக்கும் காலண்டரில் அந்த ஆனித் தேதியின் மூலையை மடித்து வைத்திருந்தேன். அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னாத்துக்கு மடிச்சிருக்க?"

சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேல போய்டுமா?"

"அட்ட போனா வேலயும் போய்டும்மா. திரும்பவும் மொதல்லருந்து விசா கேக்கணும். அதுவரைக்கும் எடம் வெச்சிருப்பாங்களான்னு தெரியல."

என் மேலதிகாரி நல்ல பெண்மணி. ஒரு யோசனை எழுதியிருந்தார். நான் மட்டும் ஒரு வாரம் வந்துவிட்டுப் போனால் போதும், ஆறு மாதக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும், குழந்தையின் காகிதங்களை அப்புறம் பார்க்கலாம் என்று. அது முழுக்கச் சரிதானா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த யோசனை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வாரம். ஏழு நாள். அதை அம்மாவிடமும் சொன்னேன்.

"போய்ட்டு வா," என்றார் அம்மா, பேருந்துக்கு அனுப்புவது மாதிரி. "பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"பாலு?"

"டப்பா பாலு ஊத்தறேன். உனக்கு ஊத்தல? உன்ன மூணாம் மாசத்துல உட்டுட்டு நான் கம்பெனி பஸ் ஏறல? இன்னா கெட்டுப்போச்சு இப்ப? நல்லாத்தான் இருக்க."

மத்தியானம் பாப்பாவைக் குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணிக் கரண்டியை வெளியே வைத்துவிட்டு வந்தவர், நான் கேட்காமலே சொன்னார். காலை பத்து மணி எனக்குப் பால் கொடுக்கும் நேரம். அந்த நேரத்துக்கு, மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு ரவிக்கை நனைந்துவிடும். உள்ளே துணியை மடித்து வைத்தாலும் நிற்காது. பக்கத்து மெஷின் பெண்கள் தைக்க வேண்டிய பீசுகள் இருக்கும் இவருடைய தட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ போய்ட்டு வாக்கா," என்பார்கள். பாத்ரூம் சுவரில் பீய்ச்சிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்.

"அழுவியாம்மா?"

"அழுதுனு இருந்தா பீசு நின்னுடும்ல?"

நான் அன்றிரவே டிக்கெட் பார்த்தேன். பெயர், தேதி எல்லாம் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய் நிறுத்தினேன். மறுநாள் ஒரு புட்டியில் பால் கரைத்து, நான் அடுத்த அறையில் ஒளிந்துகொண்டேன். அம்மா ஊட்டினார். பாப்பா நாக்கால் தள்ளித் தள்ளி அழுதாள். பத்து நிமிடத்தில் என் நைட்டியின் முன்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. அம்மா உள்ளே வந்து அதைப் பார்த்தார், குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் புட்டியைக் கழுவப் போனார். அம்மாவால் முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். இத்தனை படிக்கவைத்து என்னை இளக்கமாக ஆக்கிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

இன்னொரு வழி இருந்தது. ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி, பிரசவத்தைக் காரணம் காட்டி இன்னும் சில மாதம் தவணை கேட்கலாம். கேட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பரிசீலிக்கலாம், ஆனால் குழந்தைக்கு பாஸ்போர்ட் விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தை இணைக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அந்தக் காலிக் கட்டத்திலேயே வந்து நின்றது.

அடுத்த நாள் காலை, பாப்பா தூங்கிய நேரம் பார்த்து, அப்பாவின் வண்டியில் ஏறி நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை. கேட்டால், "அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு..." என்பார், அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மாதம் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் என்னவோ நாங்கள் இருவரும் முன்பே போனில் பேசி முடிவு செய்ததுதான். அந்த நாட்டுக்காரர்கள் வாயில் உடையாது, குடியாத்தத்திலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று தேடித் தேடி எடுத்த பெயர்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

"நல்லா சரி பாத்துக்கோம்மா. அப்பறம் மாத்தறதுன்னா பெரிய பேஜாரு."

சரி பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். பெற்றோரில் ஒருவர் போட்டால் போதும் என்றிருந்தது. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"சாயந்திரம் சொல்லிடுவேன்பா."

அப்பா வண்டியை உதைத்தார். வழியெல்லாம் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் தினமும் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மகளோடு இருந்துவிட்டு, குடியாத்தம் பேருந்தைப் பிடிப்பார். வந்ததும் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். தோல் தூசியோடு அவளைத் தொடமாட்டார். கழுவிய பிறகு அவளை மடியில் கிடத்தி, விரல் நுனியால் கையையும் காலையும் மெல்லத் தடவிப் பார்ப்பார். கட்டிங் மேசையில் தோலை விரித்து உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு தேடுகிற அதே விரல். கொசு கடித்த இடம் ஒன்று கிடைத்துவிட்டால், "இது நேத்து இல்லியே," என்று என்னைக் கேட்பார்.

அவர் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"இன்னைக்குக் காலையில போய்ப் பேர் பதிஞ்சிட்டேன்ங்க."

கை நின்றது.

"எந்தப் பேரு?"

"நாம பேசினதுதான்."

"ம்."

"கோவமா?"

"அம்மாவுக்கு இன்னான்னு சொல்றதுன்னு பாக்கறேன்."

"அது மட்டுந்தானா?"

அவர் கையைக் கழுவவில்லை. சோப்பு முழங்கையில் காய ஆரம்பித்திருந்தது.

"அங்க இருந்தப்ப என் ஃபாரம் எல்லாம் நீதான் எழுதின. சரி, பாஷ தெரியாது, எழுதின. இங்க எனக்கு பாஷ தெரியும்ல? என் பொண்ணு பேர எழுதறதுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா லீவு போட்டு வந்திருப்பேன்."

காரணங்கள் நிறைய இருந்தன. தவணை, மின்னஞ்சல், ஆனி மாதம். ஒன்றும் பதிலாக இல்லை. "தப்புதாங்க," என்றேன். அவர் தலையாட்டினார். கழுவிவிட்டு வந்து வழக்கம்போல மகளை வாங்கிக்கொண்டார். அன்று கொசுக்கடி எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். பழைய லுங்கிகளைத் துவைத்துத் துவைத்துக் கஞ்சி போகச் செய்து, சதுரம் சதுரமாகக் கிழித்து ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். பாப்பாவுக்குக் கீழே விரிக்க. புதுத்துணி உறுத்தும் என்பது அவர் கட்சி. உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாங்க ஒண்ணு பண்ணிட்டோம்," என்று ஆரம்பித்தார் என் கணவர்.

நாங்க என்றார். நான் குறுக்கிட்டேன்.

"இல்ல அத்த. இவருக்குத் தெரியாது. நான்தான் போய் ஆபீஸ்ல பாப்பா பேர எழுதிக் குடுத்துட்டேன். பாஸ்போர்ட்டுக்குக் கேக்கறாங்க. ஆடி வரைக்கும் இருக்க முடியாது, அதான்..."

மாமியார் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"யாராச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்டீங்களா?"

"இல்ல அத்த."

"ஆபீஸ்காரன்?"

எழுத்து எழுத்தாகச் சொன்னது ஞாபகம் வந்தது. மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "எழுத்துக் கூட்டி டைப் அடிச்சாரு," என்றேன்.

"பாப்பா அங்க இருந்துச்சா?"

"வீட்ல தூங்கிட்டு இருந்தா."

மாமியார் பாப்பாவின் உச்சந்தலையை மோந்து பார்த்துவிட்டு எழுந்தார். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தார். "சாப்ட்டுப் போங்க சம்மந்தி," என்று வாசல் வரை கெஞ்சினார். "வயிறு சரியில்ல சம்மந்தி," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய பேச்சு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த மூன்று நாளும் பாப்பா லேசாகத் தும்மினாலும் நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். படித்தவள்தான் நான். சோதனைக்கூடத்தில் ஒன்றை நம்ப ஐந்து முறை அளப்பவள். ஆனாலும் பதினோராம் நாள் பெயர் வைத்த அந்தக் குழந்தை என் தலைமாட்டிலேயே இருந்தது. அதன் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

நான்காம் நாள் மாமியார் போன் செய்தார்.

"கோயிலுக்குப் போய்ப் பூ கட்டிக் கேட்டேன்மா. வெள்ளப் பூதான் வந்துச்சு. எழுதினதுக்குக் குத்தமில்ல. ஆனா வாயால கூப்டக் கூடாது. புள்ள காதுல உழக்கூடாது. மூணாம் வெள்ளிக்கு அம்மன் காதுல மொதல்ல உழட்டும், அப்பறம் ஊரே கூப்டட்டும். புரியுதா?"

"புரியுது அத்த."

"சம்மந்திகிட்ட சொல்லு, அடுத்த வாரம் வந்து சாப்டறேன்னு."

அப்புறம் வேகமாகத்தான் நடந்தது. வேலூரில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தோம். அங்கே டோக்கன் எண்தான் கூப்பிட்டார்கள், பிரச்சினையில்லை. அந்த ஆதாரத்தை அனுப்பியதும் என் அட்டைக்குப் புரட்டாசி கடைசி வரை தவணை வந்தது. காலண்டரில் மடித்த மூலையை நிமிர்த்திவிட்டேன். மடித்த கோடு மட்டும் போகவில்லை. விசாவும் பிறகு வந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்காகச் சென்னைக்குப் போன நாளைப் பற்றி.

காலை ரயிலில் நானும் பாப்பாவும் ஆம்பூரில் ஏறினோம். அப்பா ஏற்றிவிட்டுப் போனார். குடியாத்தத்தில் என் கணவர் ஏறினார். பின்னாலேயே மாமியாரும், கட்டுச்சோற்றுப் பையோடு.

"அத்த, நீங்களுமா?"

"அங்க பேர் சொல்லிக் கூப்டுவாங்களாமே. காது மூட ஒரு ஆள் வேணும்ல?"

காட்பாடி தாண்டியதும் அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். என் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்குப் பூ கட்டினாங்கள்ல, மொதல் தடவ செகப்பு வந்துச்சாம். தங்கச்சி சொன்னா. திரும்பக் கட்டினாங்களாம். திரும்பவும் செகப்பு. மூணாவது தடவதான் வெள்ள."

நான் மாமியாரைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டுச்சோற்றுப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளைப் பூ வரும்வரை அம்மனிடம் மல்லுக்கட்டியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் பைக்குள் கைவிட்டு பாப்பாவுடையது போக இன்னொரு ஃபைலை எடுத்தார்.

"எனக்கும் சேத்து அப்பாயின்மெண்ட் போட்டேன். நானே பூர்த்தி பண்ணேன்."

வாங்கிப் பார்த்தேன். பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் அடங்காமல், அழுத்தி எழுதியிருந்தார்.

"வேல?"

"கம்பெனில ஆறு மாசம் லீவு கேட்டிருக்கேன். நீ வேலைக்குப் போ, பாப்பாவ நான் பாத்துக்கறேன். அப்பறம் பாக்கலாம். டேப் ஒட்டத்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இதுக்கு பாஷ தேவையில்ல."

சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம். கூடவே பயமும். ஆறு மாதம் கழித்து இவர் மறுபடி அந்தச் சமையலறை ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ? நான் கட்டாயப்படுத்தாமலே கட்டாயப்படுத்திவிட்டேனோ? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஃபைலைப் புரட்டும்போது ஒரு பிழை கண்ணில் பட்டது. முந்தைய விசா முடிந்த தேதிக்குப் பதிலாக அவர் திரும்பி வந்த தேதியை எழுதியிருந்தார். என் கை பேனாவைத் தேடிப் பைக்குள் போயே விட்டது. வெளியே எடுக்கவில்லை. ஃபைலை மூடிக் கொடுத்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லாதது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

விசா மையத்தின் வாசலில் காவலாளி மாமியாரை நிறுத்திவிட்டார்.

"அப்ளிகேஷன் இருக்கறவங்க மட்டுந்தாம்மா. அப்பா, அம்மா, கொழந்த. அவ்ளோதான்."

"நான் ஆயாப்பா. இவனப் பெத்தவ."

"ஆயா வெளியதான்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேம்பா. காது மட்டும் மூடிட்டு வந்துடறேன்."

காவலாளிக்குப் புரியவில்லை. மாமியார் என் பக்கம் திரும்பினார். என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்.

"இப்படி வெச்சி மூடணும். அழுத்தாத. அவங்க கூப்டறதுக்கு முன்னாடியே மூடிடு. கைய எடுக்கக் கூடாது, இன்னா ஆனாலும். கையெழுத்தெல்லாம் அவன் போடட்டும் மொதல்ல. அவன் கை சும்மாத்தானே இருக்கு."

உள்ளே போனோம். ஏசி குளிரில் பாப்பா விழித்துக்கொண்டாள். எங்கள் முறை வருவதற்கு முன்பே அவளைத் தோளில் சாய்த்து, ஒரு காதை என் கழுத்தோடு ஒட்டவைத்து, மறு காதைக் கையால் மூடிக்கொண்டேன். ஜன்னலுக்குப் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடத்தி இரண்டு கையாலும் மூடினேன். உள்ளே இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தையும் குழந்தையையும் பார்த்தாள்.

"குழந்தை பேர் சொல்லுங்க."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அதுலயே இருக்குங்க," என்றார் அவர்.

"இருக்கு சார். நீங்க வாயால சொல்லணும். சரிபாக்கணும்ல."

அதற்குள் கையின் இறுக்கம் பிடிக்காமல் பாப்பா கத்த ஆரம்பித்தாள். அந்த அறையே திரும்பிப் பார்க்கும் கத்தல். அவள் கத்தின கத்தலில் அவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து பெயரைச் சொன்னார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன், எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் தலையாட்டினாள்.

"அவங்க ஏன் காத மூடிட்டிருக்காங்க?"

"ஏசி ஜாஸ்தியா இருக்குங்க," என்றார் என் கணவர்.

பிறகு காகிதங்கள் வந்தன. பாப்பாவின் படிவத்தில் தந்தை கையெழுத்து, நான்கு இடத்தில். அவருடைய படிவம் தனி. அந்தப் பெண் பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டினாள்.

"இந்தத் தேதி தப்பு சார். விசா முடிஞ்ச தேதி கேட்டிருக்கு."

எனக்கு அந்தத் தேதி மனப்பாடம். என் இரண்டு கையும் மகளின் காதில் இருந்தன. அவர் என்னைக் கேட்கவில்லை. பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு கோடு அடித்து, மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மெதுவாகத்தான் எழுதினார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். ஒரு எண்ணை இழுத்துப் போட்டபோது, அது ஒன்றா ஏழா என்று குழம்பும்படி இருந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த எண்ணின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

என் கையெழுத்து வேண்டிய ஒரே இடத்துக்கு, அவர் பாப்பாவை வாங்கிக்கொண்டு தன் உள்ளங்கைகளைக் குழித்து மூடினார். அந்தப் பெரிய விரல்களுக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

வெளியே மாமியார் நடைபாதையில், வேப்ப மரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"கூப்டாங்களா?"

"கூப்டல. என்னச் சொல்லச் சொன்னாங்க," என்றார் என் கணவர்.

"சொன்னியா?"

"சொன்னேன். இவ போட்ட சத்தத்துல எனக்கே கேக்கலம்மா."

மாமியார் பாப்பாவை வாங்கி, இரண்டு காதிலும் மாறி மாறி ஊதினார். பிறகு கட்டுச்சோற்றுப் பையை என்னிடம் நீட்டினார்.

"நீ மொதல்ல சாப்புடு. பால் குடுக்கறவ."